ஹீட்டர் ஒருத்திக்கு, பில் மூன்று பேருக்கா?

வாசகர் கேள்வி – பதில்

போர்டிங் அறையில் கூட இருப்பவரோடு படும் பாடு பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறோம்.

நுவரெலியா டவுனுக்குப் பக்கத்தில் மேல்மாடி அறையொன்றில் மூன்று பெண்கள் இருக்கிறோம். வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிப்பதுதான் வழக்கம். டிசம்பரில் ஒருத்தி ஃபேன் ஹீட்டர் வாங்கி வந்தாள். இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியும்வரை ஓடுகிறது. 84 யூனிட் வந்த பில் இம்முறை 290. கேட்டால், “எல்லாருக்கும்தானே சூடு?” என்கிறாள். எனக்கோ அந்தச் சூட்டில் தொண்டை வறண்டு இருமல் வருகிறது. முகத்தை முறிக்காமல் இதை எப்படிக் கதைப்பது?
– பெயர் வேண்டாம், நுவரெலியா

முதலில் கணக்கு, பிறகு கதை. ஹீட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 2000 வொட் என்றிருந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 2 யூனிட் குடிக்கும். உங்கள் பில்லில் கூடியது 206 யூனிட். 30 இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு ஏறக்குறைய 7 யூனிட். அதாவது இடைவிடாமல் மூன்றரை மணித்தியாலம் ஓடிய கணக்கு. ஏழெட்டு மணித்தியாலம் போட்டிருந்தாலும் தெர்மோஸ்டட் விட்டுவிட்டு அணைப்பதால் பாதி நேரம்தான் கரண்ட் இழுத்திருக்கிறது. ஆக, கூடிய யூனிட் முழுவதும் ஹீட்டருடையது என்று தயங்காமல் சொல்லலாம்.

அவள் நம்பாவிட்டால் மீட்டரே சாட்சி. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணைக் குறியுங்கள். ஹீட்டரை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு மறுபடியும் பாருங்கள். வித்தியாசத்தை மூன்று பேரும் ஒன்றாக நின்று பார்க்கவேண்டும். நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

இனிப் பணம். பலர் தவறுவது இங்கேதான். மொத்தப் பில்லை 290ஆல் வகுத்து, ஒரு யூனிட்டுக்கு வரும் விலையை 206ஆல் பெருக்கி, “இது உன் பங்கு” என்பார்கள். வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 60 வரை, 61–90, 91–120, 121–180, 180க்கு மேல் என்று படிகள் வரும். மேலே போகப் போக யூனிட் விலை கூடும், நிலையான கட்டணமும் படியோடு சேர்ந்து ஏறும். 84 யூனிட் இரண்டாவது படியிலேயே நின்றுவிட்டது. ஹீட்டரின் யூனிட்டுகளோ உச்சிப் படிவரை ஏறியவை. சராசரி விலையில் பிரித்தால் அந்த விலையுயர்ந்த யூனிட்டுகளில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். சரியான வழி இது: இந்த மாதக் கட்டண வீதப்படி 84 யூனிட்டுக்கு மட்டும் என்ன பில் வந்திருக்கும் என்று பாருங்கள் (மின்சார சபையின் இணையத்தளத்தில் யூனிட்டைக் கொடுத்தால் தொகை காட்டும் கணிப்பான் இருக்கிறது). அந்தத் தொகையை மூன்றாகப் பிரியுங்கள். மிச்சம் முழுவதும் ஹீட்டர்காரியுடையது. மூன்றாவது தோழி சூட்டை விரும்பிப் பாவிக்கிறாள் என்றால் மிச்சத்தை அவர்கள் இருவரும் பகிரட்டும்.

எப்போது கதைப்பது? ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் இரவு பதினொரு மணிக்கு வேண்டாம். சனிக்கிழமை பகல், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும் நேரம் நல்லது. இரண்டு பில்லையும் மேசையில் வையுங்கள். “நீ வீண்செலவு செய்கிறாய்” என்றால் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவாள். “போன மாசம் 84, இந்த மாசம் 290. கூடின 206ம் ஹீட்டர். அடிப்படையை மூணாப் பிரிப்போம், ஹீட்டர் கணக்கை நீ எடுத்துக்கொள். சரியா?” இவ்வளவு போதும். கேள்வியோடு நிறுத்துங்கள். பதில் வரும்வரை நீங்களே தொடர்ந்து பேசிக்கொண்டு போகாதீர்கள்.

பில்லைவிடப் பெரிய விசயம் பிளக். 2000 வொட் என்றால் 230 வோல்ட்டில் 8.7 அம்பியர். பழைய வீடுகளில் சிறிய உருண்டைக் கால் சொக்கெட் 5 அம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. அதில் அடெப்டர் வைத்தோ மல்டி பிளக் வைத்தோ ஹீட்டரைக் குத்தினால் உள்ளே சூடேறி பிளாஸ்டிக் இளகும். சொக்கெட் ஓரம் பழுப்பாவதும் கருகல் வாடை அடிப்பதும் அதன் அடையாளம். 13 அல்லது 15 அம்பியர் சொக்கெட்டில் நேரடியாக மட்டும் போடவேண்டும். அரை மணித்தியாலம் ஓடியபின் அணைத்துவிட்டு பிளக்கைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் அன்றோடு நிறுத்தி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஈர உடுப்பை ஹீட்டர்மேல் காயப்போடுவதும், கட்டில் விரிப்பு அதில் படும்படி வைப்பதும் தீயை அழைப்பதற்குச் சமம். சுற்றிலும் ஒரு மீற்றர் வெறுமையாக இருக்கட்டும்.

அவளுக்குக் குளிர்கிறது என்பதும் உண்மைதான். ஒன்றரை லீட்டர் சுடுதண்ணீர் கொள்ளும் ரப்பர் பை ஒன்றுக்குக் கேத்தலில் செலவாவது 0.15 யூனிட் அளவுதான். கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு, முக்கால் பாகத்துக்குக் கீழே ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்கவேண்டும். கதவுக்கு அடியில் பழைய துவாயைச் சுருட்டி வையுங்கள். இன்னொன்று: குளிர் மெத்தைக்கு அடியிலிருந்தும் ஏறும். இரண்டு கம்பளி இருந்தால் இரண்டையும் மேலே போர்த்தாமல் ஒன்றை விரிப்புக்குக் கீழே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹட்டனில் கடையொன்றில் வேலை. ஒரு அறையில் இரண்டு பேர். கூட இருக்கிற அண்ணன் இரவில் தகர வாளியில் கரி போட்டுத் தணலாக்கி அறைக்குள் வைத்துவிட்டு ஜன்னலை அடைத்துவிடுகிறார். புகை இல்லை, ஆனால் காலையில் எனக்குத் தலை இடிக்கிறது. வயதில் மூத்தவர், எப்படிச் சொல்வது?
– வாசகர், ஹட்டன்

இன்றைக்கே சொல்லுங்கள். மூத்தவர், இளையவர் என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

புகை இல்லாத தணல்தான் ஆளை ஏமாற்றுவது. கரி எரியும்போது காபன் மொனொக்சைட் என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு குமட்டல், தலைச்சுற்று, அசதி. தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கை எதுவும் தெரியாது, அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார். ஒரே அறையில் இருவருக்கும் தலையிடித்து, வெளியே வந்து நின்றால் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். ஜன்னலை விரல் அளவு திறந்துவைத்தால் போதும் என்று நம்பவும் வேண்டாம்.

“அண்ணே, எனக்குக் காலையில தலை இடிக்குது. கரியிலிருந்து வாற வாயு அது. வாளியை வெளியில வச்சுக் குளிர் காய்ஞ்சிட்டு, அணைச்சிட்டுப் படுப்போம்” என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் வாளியை நீங்களே வெளியே எடுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த இரவு வேறிடத்தில் படுத்துவிட்டு, மறுநாள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஆள் எழும்பவில்லை என்றால் கதவு ஜன்னலைத் திறந்து, வெளிக்காற்றுக்கு இழுத்துவந்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தலவாக்கலையில் நான்கு பேர் சேர்ந்து சமைக்கிறோம். ஒருவர் அடிக்கடி கடலை அவிக்கிறேன் என்று கேஸ் அடுப்பை இரண்டு மணித்தியாலம் எரியவிடுகிறார். சாமான் வாங்கும்போது கையில் காசு இருக்காது, என் பால்மாவில் மட்டும் கரண்டி போகும். சொன்னால் “ஒரு கோப்பைதானே” என்பார்.
– வாசகர், தலவாக்கலை

கேஸ் விசயத்தில் அவருக்கு மலையும் கொஞ்சம் எதிரி. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய 94 பாகை. அதற்குமேல் தண்ணீர் சூடேறாது, நீங்கள் தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் கூடும். கொழும்பில் அவியும் நேரத்தில் இங்கே கடலையோ பருப்போ அவியாததற்குக் காரணம் இதுதான். பிரஷர் குக்கருக்குள் அமுக்கம் கூடுவதால் சூடும் கூடும். கடலையை 8–10 மணித்தியாலம் ஊறவைத்து குக்கரில் போட்டால் 20–25 நிமிடத்தில் வேலை முடிகிறது. பெரிய அடுப்பு முழுத் தீயில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 150–200 கிராம் கேஸ் எரிக்கும். இரண்டு மணித்தியாலம் என்றால் 12.5 கிலோ சிலிண்டரில் 300–400 கிராம் ஒரு சட்டிக் கடலைக்கே. நான்கு பேரும் சேர்ந்து ஒரு குக்கர் வாங்குவது, மாதாமாதம் சண்டை போடுவதைவிட மலிவு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குங்கள். யார் முதலில் அறையை விட்டுப் போகிறாரோ அவருக்கு அவருடைய பங்கைத் திருப்பிக் கொடுப்பதென்றும் அன்றே பேசிவிடுங்கள்.

இனி பால்மா. போர்டிங் சண்டைகளில் இதற்குத் தனி இடமுண்டு. 400 கிராம் பைக்கட், கோப்பைக்கு 18 கிராம் போட்டால் 22 கோப்பை. அவர் தினமும் ஒன்று எடுத்தால் உங்கள் பைக்கட் மூன்று கிழமையில் அவருக்கே சரி. “ஒரு கோப்பைதானே” என்பதற்கு இந்தக் கணக்கைத்தான் திருப்பிச் சொல்லவேண்டும்.

சாமானை இரண்டாகப் பிரியுங்கள். உப்பு, சீனி, தேயிலை, எண்ணெய், வெங்காயம், மிளகாய்த்தூள் எல்லாம் பொது. பால்மா, முட்டை, டின்மீன், பிஸ்கட், பழம் எல்லாம் அவரவர் சொந்தம். இந்தப் பிரிப்பு ஏனென்றால், பொதுச் சாமான்களை எவரும் அளவுக்கு மீறி உண்ணமுடியாது. நான்கு பேர் நாளுக்கு இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தால், கோப்பைக்கு 2 கிராம் தேயிலை, 9 கிராம் சீனி என்று மாதத்துக்கு ஏறக்குறைய 480 கிராம் தேயிலையும் 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூடச் சீனியும் போகும். யார் குறைத்தாலும் கூட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. பால்மாவோ அப்படியல்ல.

பொதுச் சாமானுக்கான காசைச் சம்பளம் வந்த மூன்றாம் நாளுக்குள் ஒரே ஆளிடம் சேர்த்துவிடுங்கள். வாங்கிய துண்டுகளைச் சுவரில் ஆணியில் குத்துங்கள். காசு போடாதவருக்கு அந்த மாதம் பொதுச் சட்டியில் பங்கில்லை என்பதை மாதம் பிறக்கும் முன்பே சொல்லவேண்டும். சோறு போட்டுக்கொண்டு வரும்போது சொன்னால் அது வேறு மாதிரிக் காயம்.

சொந்தச் சாமானுக்குப் பூட்டுள்ள தகரப் பெட்டி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலிக்கும் அதுதான் மருந்து, காரணம் கேட்டால் எலியையே சொல்லலாம்.

கண்டியில் வேலைக்கு வந்திருக்கிறேன். அறையில் கூட இருப்பவர் சிங்களப் பெண், என்னைவிட மூத்தவர். நல்லவர்தான். ஆனால் இரவு ஒரு மணிவரை லைட்டைப் போட்டுக்கொண்டு போனில் கதைக்கிறார். எனக்குக் காலை ஐந்துக்கு எழும்பவேண்டும். சிங்களம் அரைகுறை. தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.
– வாசகி, கண்டி

அரைகுறைச் சிங்களம் இங்கே உங்களுக்கு உதவியே செய்யும். நீட்டி விளக்கமுடியாது, ஆகவே சண்டையும் நீளாது. மூன்று வசனம் போதும். “அக்கே, மட்ட உதே பஹட்ட நெகிட்டின்ன ஓன” – எனக்குக் காலை ஐந்துக்கு எழும்பவேண்டும். “ரே தஹயட்ட பஸ்ஸே லைட் எக்க நிவன்ன புளுவன்த?” – இரவு பத்துக்குப் பிறகு லைட்டை அணைக்கமுடியுமா? “மட்ட நிந்த யன்னே நே” – எனக்குத் தூக்கம் வருவதில்லை. முகத்தைப் பார்த்து, பகலில், அவர் போனில் இல்லாத நேரம் சொல்லுங்கள். தாளில் எழுதி ஒட்டவேண்டாம். வாயால் சொன்னால் வேண்டுகோள், ஒட்டினால் உத்தரவு.

கேட்பதோடு ஒரு பொருளையும் கொடுங்கள். கட்டில் தலைமாட்டுக்குக் கிளிப் வைத்த சின்ன எல்இடி விளக்கு ஒன்று, போனுக்கு இயர்போன் ஒன்று. பெரிய லைட் பத்துக்கு அணையும், அவருடைய மூலையில் அவர் விழித்திருக்கலாம். பேச்சுத்தான் மிச்சம். அதற்கு வராந்தா இருக்கிறதா, ஹோல் இருக்கிறதா என்று முதலே பார்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். போக இடம் காட்டாமல் “இங்கே கதைக்காதே” என்பது செல்லாது. பத்து மணிக்கு ஒத்துவராவிட்டால் பதினொன்றில் நில்லுங்கள். ஒரு மணியிலிருந்து பதினொன்றுக்கு வந்ததே இரண்டு மணித்தியாலத் தூக்கம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். வெளியில் போர்டிங். அறையிலுள்ள சீனியர் அக்கா தன் உடுப்பைத் துவைக்கச் சொல்கிறார். மறுத்தால் மற்ற சீனியர்களையும் கூட்டிவந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார். இது அறைப் பிரச்சினையா, பகிடிவதையா?
– மாணவி

பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் பொருந்தும். போர்டிங் அறை விலக்கல்ல. பகிடிவதைக்கு இரண்டு வருடம்வரை கடூழியச் சிறை விதிக்கலாம். அவரோடு பேசித் தீர்க்க முயலும் கட்டம் கடந்துவிட்டது. திகதி, நேரம், சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். பீடத்தின் மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுப் பிரிவிலோ எழுத்தில் கொடுங்கள். வீட்டுக்கும் இன்றே சொல்லுங்கள். அறை மாறுவதை முறைப்பாட்டின் முடிவுக்காகக் காத்திருந்து செய்யவேண்டியதில்லை.

வட்டவளைப் பக்கம். மழைக்காலத்தில் கூட இருப்பவன் தன் உடுப்பு முழுவதையும் அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போடுகிறான். சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி, என் மெத்தை நாறுகிறது. “வெளியில் மழையடா, எங்கே போடுவது?” என்கிறான்.
– வாசகர்

அவன் கேள்வியிலும் நியாயமுண்டு. மே தொடங்கி செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும் இடம் அது. ஆனால் கையால் பிழிந்த பருத்தித் துணி ஏறக்குறையத் தன் எடை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று கிலோ உடுப்பைத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று லீட்டர் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது. இரவில் குளிர்ந்த சுவரிலும் தகரத்தின் அடியிலும் அது வியர்த்துப் படியும். பூஞ்சணத்துக்கு அதுவே போதும்.

தடை போடுவதைவிட அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஒரு மூட்டை என்றில்லாமல் தினம் இரண்டு மூன்று உடுப்பு. பிழிந்ததை உலர்ந்த துவாயில் சுருட்டி, ஏறி மிதித்து மறுபடியும் பிழிந்தால் காயும் நேரம் நன்றாகக் குறையும். கயிறு தாழ்வாரத்துக் கூரைக்கு அடியில் இருக்கட்டும். அங்கே இரவு முழுக்கத் தொங்கி ஓரளவு காய்ந்தது மட்டும் உள்ளே வரலாம். ஜன்னலை மழை விட்ட நேரமெல்லாம் திறவுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப்போட்டு, மெத்தையைக் கிழமைக்கு ஒருமுறை நிமிர்த்தி வையுங்கள். கறுப்பை உலர்ந்த துணியால் தட்டவேண்டாம், பூஞ்சண வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிளீச் பாவித்தால் டொயிலட் கழுவும் அசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பண்டாரவளையில் அறையை என் பெயரில் எடுத்தேன். நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டேன். மூன்று மாதமாகப் பங்கு தரவில்லை, இப்போது ஆளே வருவதில்லை. அவன் சாமான் அறையில் இருக்கிறது. விற்றுக் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகர், பண்டாரவளை

விற்கவேண்டாம். கடன்காரன் அவனாக இருக்க, களவுப் பெட்டிசனுக்குப் பதில் சொல்பவர் நீங்களாகிவிடுவீர்கள். சாமானைப் படமெடுத்து, இன்னொருவரைச் சாட்சியாக வைத்துப் பட்டியல் எழுதி, பெட்டியில் கட்டி ஓரமாக வையுங்கள். “இந்தத் திகதிக்குள் வந்து எடு, பாக்கி இவ்வளவு” என்று மெசேஜ் போடுங்கள். வீட்டுக்காரர் பார்ப்பது உங்கள் பெயரைத்தான், ஆகவே அவருக்குரிய வாடகையை நிறுத்தாதீர்கள்.

பணத்துக்கு மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையின் தவிசாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும் (பிரதேச செயலகத்தில் கேட்டால் இடமும் நாளும் சொல்வார்கள், பெரும்பாலும் சனி, ஞாயிறில் கூடும்). சட்டத்தரணி வரமுடியாது, நீங்களே பேசவேண்டும். வங்கியில் அனுப்பிய துண்டு, “அடுத்த கிழமை தாறேன் மச்சான்” என்று அவன் போட்ட மெசேஜ், இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். இணங்கினால் எழுத்தில் கையொப்பம். இணங்காவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். சிறு தொகை வழக்குக்கு நீதிமன்றம் முதலில் கேட்பது அதைத்தான். கிராம சேவகர் இருவரையும் கூப்பிட்டுக் கதைக்கலாம், காசைக் கொடு என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை.

அடுத்தவரைச் சேர்க்கும்போது அரைப்பக்கத் தாள் ஒன்று எழுதுங்கள்: இருவரின் அடையாள அட்டை இலக்கம், வாடகைப் பங்கு, கட்டும் திகதி, அட்வான்ஸ் யார் எவ்வளவு கொடுத்தது, போவதென்றால் எத்தனை நாள் முன்பு சொல்வது.

கூட இருப்பவரின் குறட்டை தாங்கமுடியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பதுளை

மல்லாந்து படுப்பவரென்றால் பக்கவாட்டில் படுக்கச் சொல்லுங்கள், முதுகுப்பக்கம் தலையணை ஒன்று வைத்தால் புரளமாட்டார். நீங்கள் அரை மணித்தியாலம் முந்திப் படுங்கள். காதுக்கு மருந்துக்கடையில் விற்கும் நுரை அடைப்பான் வாங்குங்கள், வெறும் பஞ்சு பெரிதாக உதவாது. குறட்டை நடுவில் நின்று, சில விநாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுக்கிறார் என்றால் அதை அவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் தன் மூச்சு நிற்பது அவருக்குத் தெரிந்திருக்காது, அறையில் கேட்டது நீங்கள் மட்டும்தான். வைத்தியரிடம் போகும்போது சொல்ல, அந்தச் சத்தத்தை ஒரு நிமிடம் போனில் பதிந்து கொடுத்தால் அவருக்கு உதவி.